இரக்கம் வேண்டாம், இராகத்தைச் சொல்லுங்கள்

வன்னியில் மேடையேறும் நாடகங்களைப் பற்றிப் பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் எழுதிவரும் விமர்சகப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காலபோக அறுவடை முடிந்து நெல்மூட்டைகள் வீட்டை விட்டுப் போன கையோடு, மாசிப் பிற்பகுதியில், எங்கள் ஊர்ப் பாடசாலை மைதானத்தில் ஒரு புதிய இசைநாடகம் மேடையேறியது. உங்களில் மூவர் வந்திருந்தீர்கள். மூவரும் எழுதினீர்கள். அந்த மூன்று கட்டுரைகளும் சங்கக்கடை வாசலிலும் அரிசி ஆலையிலும் கோயில் மடத்திலும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டு, மடிப்பில் கிழிந்து, இப்போது என் மேசையில் கிடக்கின்றன. நாடகத்தைப் பற்றி ஊரில் நடந்த வாக்குவாதத்தை விட அந்தக் கட்டுரைகளைப் பற்றி நடந்த வாக்குவாதம் பெரிது. யாராவது ஒருவர் உங்களுக்கு எழுதத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

நான் நாடகக் குழுவைச் சேர்ந்தவள் இல்லை. பாலர் பாடசாலை ஆசிரியை. என் அப்பா கூத்துகளுக்கு மத்தளம் அடித்தவர். எனக்கு அடிக்க வராது, அடி தவறினால் தெரியும். முன்வரிசைப் படங்கில் கச்சான் பொட்டலத்தோடு குந்தியிருந்து, திரை விழும்வரை எழும்பாமல் பார்க்கும் கூட்டத்தில் ஒருத்தி. அந்தத் தகுதி ஒன்றுதான் எனக்கு. நாடகத்தின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் விட்டுவிடுகிறேன்; அவர்களுக்காக வழக்காட என்னை எவரும் நியமிக்கவில்லை.

உங்களில் ஒருவர் நாடகத்தைக் கிழித்துப் போட்டிருந்தார். எங்கள் கோபமெல்லாம் அவர்மேல்தான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஊரை அதிகம் நோகச் செய்தது மூன்றிலும் அதிகமாகப் புகழ்ந்த கட்டுரை.

அந்தக் கட்டுரை வடுக்களைப் பற்றிப் பேசியது. முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசியது. மௌனத்தைப் பற்றியும், மௌனத்தின் குரலைப் பற்றியும், குரலற்றவர்களைப் பற்றியும் பேசியது. கடைசிப் பந்தியில் எங்கள் எல்லோருக்கும் தலைவணங்கியது. நாடகத்தில் யார் பாடினார், என்ன பாடினார், பாட்டு நன்றாக இருந்ததா என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் போர் என்ற சொல் அந்த நாடகத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை. நாடகம் கிழமைக் கடனைப் பற்றியது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்திக்கு ஒருத்தி பிணை. செவ்வாய்க்கிழமை தோறும் கடன் சேகரிக்கும் தம்பி மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருத்தியிடம் தவணைப் பணம் இல்லையென்றால் மற்ற நால்வரும் சேர்ந்து போட வேண்டும். முழுத்தொகையும் சேரும்வரை எவரும் பாயை விட்டு எழும்ப முடியாது. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன், அதை அடைக்க ஊருக்குள் வட்டிக்கு. மழை பொய்க்கிறது, குளம் வற்றுகிறது, சிறுபோகம் இல்லாமற் போகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் பொய்க்காமல் வருகிறது. வன்னியில் இந்தக் கதை நுழையாத ஒழுங்கை குறைவு. நானும் அப்படியொரு குழுவில் இருந்தவள்தான். 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி இத்தகைய கடன்களின் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த 35க்கு நாடகத்தில் ஒரு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்தக் கதையை எடுத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் அழுகை நாடகம் போடவில்லை. கடன் சேகரிக்கும் தம்பியை ராஜபார்ட்டாக, அதாவது அரச வேடமாக, ஆக்கினார்கள். இசைநாடகத்தில் ராஜபார்ட் திரைக்குள் நின்றபடியே பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே வெளியே வருவது வழக்கம். இங்கே திரைக்குள் முதலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பிற்பாட்டுக்காரர் ஒருவர் வாயாலேயே அதைச் செய்கிறார். சத்தம் ஓய்ந்ததும் காம்போதி இராகத்தில் ஒரு நீண்ட இழுப்பு. தலைக்கவசம் கிரீடமாக, தவணைப் புத்தகம் வாளாக, தம்பி வருகிறார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா சிரிப்பின் நடுவிலேயே தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று செவ்வாய்க்கிழமைகூட இல்லை.

மரபின் பெயரால் எழுதிய விமர்சகருக்கு இந்த இடத்தில்தான் மனம் பொறுக்கவில்லை. மன்னனுக்கும் தெய்வத்துக்கும் உரிய மேடை வரவை ஒரு கடன்காரனுக்குக் கொடுத்தது கூத்துக்குச் செய்த அவமரியாதை என்றும், கீபோர்ட் வந்து ஆர்மோனியத்தைத் தின்றுவிட்டது என்றும், எல்லாம் கலப்படமாகிவிட்டது என்றும் கவலைப்பட்டிருந்தார். ஐயா, உங்கள் கவலை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கூத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கவலைப்பட்டீர்கள் என்பதுதான் விளங்கவில்லை. கண்ணகி வழிபாட்டோடு வளர்ந்த கோவலன் கூத்தையா, நாங்கள் முல்லைமோடி என்று பெருமையாகச் சொல்வதையா? அதில் ஆர்மோனியத்துக்கு இடமேது? காத்தவராயன் கூத்தையா? அங்கே ஆர்மோனியம் இல்லாமல் ஒரு சிந்துகூட நகராது; அந்தப் பெட்டியோ ஐரோப்பாவில் பிறந்து இந்தியா வழியாக எங்களிடம் வந்தது. இசைநாடகத்தை என்றால் அதுவும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளோடு தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்து, இங்கே டிறாமா என்றும் கொட்டகைக் கூத்து என்றும் பெயர் வாங்கியது. வந்த காலத்தில் அதையும் கலப்படம் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போரை மேடையேற்றியபோது என்ன செய்தார்? விடியவிடிய நடக்கும் கூத்தைச் சுருக்கினார். நாற்புறமும் சனம் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியிலிருந்து ஒருபுறம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்கு அதைத் தூக்கி வைத்தார். பிறகு இராவணேசன், வாலிவதை என்று தொடர்ந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1956இல், நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்களத்தில் மனமே நாடகத்தைத் தந்தார்; எங்கள் கூத்தோடு உறவுள்ள நாடகம என்ற வடிவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது கொஞ்சமில்லை. இன்று நீங்கள் பல்கலைக்கழக மண்டபத்தில் பார்த்து இதுதான் தூய கூத்து என்று பழகியது, ஒருவர் துணிந்து வெட்டிக் கொத்தி ஒட்டியது. அந்தத் துணிவைப் பாடத்தில் புகழ்ந்துவிட்டு, பாடசாலை மைதானத்தில் அதையே செய்யும் பிள்ளைகளுக்கு மட்டும் தூய்மைப் பரீட்சை வைப்பது எப்படி நியாயம்?

வரவைப் பற்றியும் ஒரு சொல். 1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் கைப்பற்றியதை நாங்கள் எத்தனையோ மேடைகளில் பார்த்து வளர்ந்திருக்கிறோம். எங்கள் மாவட்டத்து எழுத்தாளர் முல்லைமணி எழுதிய நாடகம் முதல் பாடசாலைப் போட்டிக்குப் பழகிய பத்து நிமிட நாடகம்வரை, அவன் வராத ஆண்டு எங்கள் பக்கம் இருந்ததில்லை. கடன்காரத் தம்பியாக நடித்த இளைஞரும் அந்த வேடத்தில் வாள் பிடித்தவர்தான். வன்னியனுக்குப் பழகிய அதே காலால் கடன்காரனுக்கு ஆடினார். சனம் அதைக் கண்டுகொண்டது. சிரிப்பில் பாதி அதற்குத்தான். இன்றைக்கு எங்கள் முற்றத்துக்கு வந்து அதிகாரம் செய்பவன் யார் என்று அந்தக் கால் சொன்னது. மரபு தெரிந்த உங்களுக்கு அது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இனிப் புகழ்ந்தவருக்கு. உங்களோடு எனக்கு வழக்கு அதிகம்.

பிற்பாட்டில் நின்ற பிள்ளைகளில் பலர் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அவர்களில் இடப்பக்கம் நின்ற பெண்பிள்ளையின் கண்களில் போரின் நிழலைக் கண்டதாக எழுதியிருந்தீர்கள். மறுநாள் நான் அவளிடமே கேட்டேன். அடுத்த வரியில் மேல் பஞ்சமம் என்ற உச்சச் சுரத்தைப் பிடிக்க வேண்டுமே, ஒத்திகையில் மூன்று நாளாக அது வழுக்கிக்கொண்டிருந்ததே என்று பயந்து நின்றாளாம். மேடையில் பிடித்துவிட்டாள். எங்கள் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் சபாஷ் என்று சொன்னது மேடைவரை கேட்டது. அந்தப் பிள்ளை பத்திரிகையைத் திறந்து தேடியது அந்தப் பஞ்சமத்தை. நீங்கள் அவளுக்கு நிழலைக் கொடுத்தீர்கள்.

போரை மறந்துவிட்டு எழுதுங்கள் என்று சொல்ல நான் யார்? எங்கள் ஒழுங்கையில் அதை மறந்த வீடு இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நாடகமே உங்களுக்கு ஓர் இடம் தந்திருந்தது. இரண்டாம் பாதியில், ஐந்தாவது பெண் புதிய கடன் பத்திரத்தை நிரப்புகிறாள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று ஒவ்வொன்றையும் சந்தமாகப் பாடிக்கொண்டே எழுதுகிறாள். கணவரின் தொழில் என்ற இடம் வருகிறது. பாட்டு நிற்கிறது. மத்தளம் நிற்கிறது. கீபோர்ட் நிற்கிறது. கடன்காரத் தம்பி பேனாவைத் திரும்ப வாங்கி, அந்தக் கோட்டைத் தானே நிரப்பாமல் விட்டு, அடுத்த கேள்விக்குப் போகிறார். பாட்டு அதே சந்தத்தில் மறுபடி தொடங்குகிறது. அவ்வளவுதான். என் அறிவுக்கு எட்டியவரை, எங்கள் பக்கத்து மேடைகளில் அண்மையில் கண்ட மிகச் சிறந்த ஒரு நிமிடம் அது. போரைப் பற்றியே எழுதிய உங்கள் கட்டுரையில் அது இல்லை. ஏனென்றால் இடைவேளையோடு நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள். உங்களை ஏற்றிச் சென்ற முச்சக்கரவண்டிக்காரர் எங்கள் ஊர். இங்கே எதுவும் மறையாது.

இரவில் எங்கள் பாதையில் யானை நிற்கும். பஸ் இல்லை. அதற்குப் பயந்து நேரத்தோடு புறப்படுவதை எவரும் குற்றம் சொல்லமாட்டார்கள். நாங்களே தனியாகப் போகமாட்டோம். பாதிதான் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மூன்றாமவருக்கு வருகிறேன். உங்கள் கட்டுரைதான் கடுமையானது. காதல் பாட்டு சினிமா மெட்டு என்றீர்கள், சினிமா மெட்டுத்தான். ஒலிபெருக்கி இரைந்தது என்றீர்கள், இரைந்தது. மின்பிறப்பாக்கியைக் கொட்டகைக்கு இவ்வளவு அருகில் வைத்த அறிவாளி யார் என்று கேட்டீர்கள். அந்த அறிவாளியை நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் வட்டிப் பாட்டில் தாளம் தடுமாறுகிறது, ஆடுகிறவர்களும் மத்தளக்காரரும் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள், ஒத்திகை போதாது என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் உங்களோடு கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்தப் பாட்டின் ஒரு சுற்று 35 எண்ணிக்கை. ஏழு ஏழாக ஐந்து தடவை. ஐந்து பெண்கள், ஆளுக்கு ஏழு. ஆட்டமோ நாலு நாலாகப் போகிறது. நாலு நாலாக வைக்கும் கால் எட்டாம் தடவையில் 32இல் வந்து முடியும்போது பாட்டில் இன்னும் மூன்று மிச்சம் நிற்கிறது. அந்த மூன்றை ஒருத்தி வரிசையை விட்டு ஓடிவந்து தனியாக மிதித்து அடைக்க வேண்டும். அவள் திரும்பி வரிசைக்குப் போவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். இப்போது அவள் பிந்திவிட்டாள், அவளுக்காக அடுத்தவள் ஓட வேண்டும். இப்படி ஐவரும் மாறி மாறி ஓடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று மிச்சம். எவ்வளவு மிதித்தாலும் முடிவதில்லை. கடன்காரத் தம்பி மட்டும் நடுவில் ஓர் இடத்தில் நின்று கையால் தாளம் போடுகிறார்; அவருக்குத் தடுமாற்றமே இல்லை.

எழுபது வயதை எட்டிய மத்தளக்காரர் போட்ட கணக்கு இது. நாடகம் முடிந்த பிறகு தேநீர் குடித்துக்கொண்டே தரையில் கச்சான் கோதுகளை அடுக்கிக் காட்டினார். பார்க்கிறவர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. கால் திணறுவது தெரிந்தால் போதும் என்றார். உங்களுக்குத் தெரிந்தது. மூவரில் உங்கள் காதுக்கு மட்டும்தான் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் வந்து ஏன் அப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், உங்கள் கட்டுரை வேறு கட்டுரையாக இருந்திருக்கும். கேட்ட பிறகும் அது சரிவரவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். சரிவந்ததா என்பது வேறு, தெரியாமல் நடந்ததா என்பது வேறு.

விமர்சனம் எங்களுக்குப் புதிதில்லை. கூத்துப் பழகும் முற்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் வந்து வாங்கில் இருப்பார்கள். ஏடு முழுவதும் மனப்பாடமாக இருக்கும். தரு என்னும் கூத்துப் பாட்டு ஒன்றை விட்டால் இருந்த இடத்திலிருந்தே அதை எடுத்துப் பாடுவார்கள். ஆடுகிறவன் வெட்கத்தோடு திரும்ப வந்து பாட வேண்டும். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் எங்கள் உறவிலேயே இருந்தார்கள். கதை தெரியும், பாட்டுத் தெரியும், அழப்போகும் இடமும் தெரியும். இந்தத் தடவை எப்படிப் பாடுகிறார் என்று கேட்கத்தான் போனார்கள். மறுநாள் காலை வரம்பில் நின்று அதைத்தான் பேசினார்கள். அந்தக் காதுகள் அநேகமாக இப்போது இல்லை. இடப்பெயர்வுகளில் ஏடுகள் தொலைந்தன, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் போய்விட்டார்கள், வாங்கில் இருந்து பிழை பிடிக்க ஆளில்லை. அந்த வாங்கில்தான் உங்களை நாங்கள் இருத்தி வைத்திருக்கிறோம். நீங்களோ அதில் ஏறி நின்று ஒருவர் இரங்கற்பாவும் ஒருவர் வாழ்த்துப்பாவும் பாடுகிறீர்கள்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்டதை நானே எழுதுகிறேன். முதல் பாதியில் வறட்சிப் பாட்டு நீளம். சோக இராகமான முகாரியில் தொடங்கினால் எவரும் அழுவார்கள் என்று இசையமைத்தவர் நம்பிவிட்டார். நான்காவது சரணத்தில் எனக்குப் பின்னால் இருந்த குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நித்திரை. மூத்த பெண்ணாக நடித்தவருக்கு நல்ல குரல். ஆனால் கீபோர்ட்டில் சுருதியை ஏற்றி வைத்ததில் அவர் பாட்டு முழுவதும் தொண்டையால் பாடினார். ஆர்மோனியக்காரர் பாடுபவரின் முகத்தைப் பார்த்துச் சுருதி பிடிப்பார். கீபோர்ட் பிள்ளை தன் விசைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. மரபுக்காரர் கீபோர்ட்டைத் திட்டியதற்குப் பதிலாக இதைச் சொல்லியிருந்தால் அடுத்த மேடைக்குள் திருத்தியிருக்கலாம். பாட்டு வரிகளில் சில இடங்களில் அசைகள் பஸ்ஸில் காலை நேரச் சனம் போல நெரிந்து கிடந்தன. முடிவு சுத்தமாகச் சரியில்லை: ஓர் உத்தியோகத்தர் மேடையேறிச் சேமிப்பின் நன்மைகளைச் சொல்கிறார், எல்லோரும் கும்மியடிக்கிறார்கள். அந்த வட்டிப் பாட்டை எழுதிய கையா இதை எழுதியது என்று ஆச்சரியமாக இருந்தது. கொட்டகைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் தந்தவர்கள் யாராவது கேட்டிருக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடன்காரத் தம்பி அளவுக்கு மீறி அழகாக ஆடிவிட்டார். அவர் வரும் போதெல்லாம் சனம் குதூகலித்தது. கடைசிக் காட்சியில் அவரைப் பார்த்து நாங்கள் பயப்பட வேண்டிய நேரத்திலும் கைதட்டினோம். அது நடிகரின் வெற்றியா, நாடகத்தின் தோல்வியா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களில் ஒருவராவது அதைத் தொட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கும் இந்த மடலிலேயே சொல்ல வேண்டியது இருக்கிறது. மூன்றாம் விமர்சகருக்குத் தொலைபேசியில் வசை பாடியவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். கேட்டால், 1985இல் லே மிசராப்ள என்ற இசைநாடகம் இலண்டன் பார்பிகன் அரங்கில் தொடங்கியபோது விமர்சகர்கள் பலர் அதைத் தாக்கி எழுதினார்கள், சனம் அவர்களைப் பொருட்படுத்தாமல் டிக்கெட் வாங்கியது, அது பல பத்தாண்டுகளாக ஓடுகிறது என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். உண்மைதான் தம்பிமாரே. விமர்சகர்கள் தாக்கியதும், தாக்கியபடியே சுருண்டு போனதுமான நாடகங்களின் பெயர் உங்களுக்குத் தெரியாது. அதனால் உதாரணம் காட்டவும் முடியாது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் ஒரு விமர்சனம் டிக்கெட் விற்பனையைக் கெடுக்கலாம், கொட்டகையை மூட வைக்கலாம். எங்கள் நாடகம் இலவசம். கமக்காரர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று போட்ட பணத்தில் மேடையேறி, மூன்று நான்கு ஊர்களுக்குப் போய் முடிந்துவிடும். விமர்சகர் என்ன எழுதினாலும் ஒரு சனம் குறையாது. ஆகவே அவர் எழுத்துக்கு எங்களைக் கெடுக்கும் பலமே இல்லை. அவரைத் திட்டுவதில் வீரமும் இல்லை. தொலைபேசியில் பேசியவர்கள் அதே இலக்கத்துக்கு அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோயில் மடத்தில் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கேட்டுவிட்டார் என்று அறிகிறேன்.

இலண்டனைப் பற்றி பேச்சு வந்ததால் இன்னொன்று. அங்கெல்லாம் ஒரு புதிய இசைநாடகம் முதலில் கொஞ்ச நாள் சனத்துக்கு முன்னோட்டமாக நடக்கும். பாட்டுகளை வெட்டுவார்கள், வரிசையை மாற்றுவார்கள். நாடகம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் விமர்சகர்களை அழைப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அரங்கேற்றமே முன்னோட்டம், அதற்கே பிரதம விருந்தினர், அதற்கே மாலை, அதற்கே நீங்கள். முதல் நாளில் உங்களை அழைத்தது எங்கள் பிழையான வழக்கம் என்று நாடகக் குழுவிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் இரண்டாவது அல்லது மூன்றாவது மேடைக்கு அழைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் முதல் நாளே வர வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இருந்தால் நல்லது. வந்தால் மேடைக்கு முன்னால் போடும் மெத்தைக் கதிரைகளில் இருக்க வேண்டாம். அந்த இடத்தில் ஒலிபெருக்கி காதைப் பிளக்கும், மத்தளம் கேட்காது. பொன்னாடையை மறுத்துவிடுங்கள். போர்த்தியவரைப் பற்றிக் கடுமையாக எழுத உங்களுக்கும் கூச்சமாக இருக்கும்.

நாடகம் மறுபடி மேடையேறப்போகிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து, சனம் ஓய்ந்த பிறகு, ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. திகதி முடிவானதும் அறிவிப்பார்கள். வறட்சிப் பாட்டில் இரண்டு சரணம் குறைத்துவிட்டார்களாம். முடிவை மாற்றுவதா என்பதில் குழுவுக்குள் இன்னும் இழுபறி. ஏ9 பாதையில் மாங்குளம்வரை வந்துவிட்டால் அங்கிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறலாம். பின்னேர பஸ்ஸைத் தவறவிட வேண்டாம். நாடகம் எட்டு மணிக்கு என்று போட்டிருக்கும், ஒன்பதுக்குத் தொடங்கும், முடிய நள்ளிரவு தாண்டும். இந்த முறை திரும்பிப் போக அவசரப்பட வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று பேருக்குப் பாய் போடலாம், நுளம்புவலை இருக்கிறது. காலை முதல் பஸ் ஐந்தரைக்கு. மத்தளக்காரர் இரவு நித்திரை கொள்ளமாட்டார். வட்டிப் பாட்டைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் அவரிடமே கேட்கலாம்.

இப்படிக்கு,
முன்வரிசைப் படங்கில் இருந்து பார்த்த ஒருத்தி,
முல்லைத்தீவு மாவட்டம்.